லிங்க்ட்இன்னில் ஒரு புதுநடை

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவன் கைகட்டி நின்றால் எதிரே வாத்தியாரோ பெரிய மனிதரோ நிற்கிறார் என்று பொருள். லிங்க்ட்இன்னில் கைகட்டி நின்றால் அவரே பெரிய மனிதர். வைஸ் பிரசிடென்ட், ஃபவுண்டர், லீடர்ஷிப் கோச் என்று அத்தனை பேரும் கண்ணாடிச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, கேமராவை விட்டு அரையடி தள்ளி எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எதிர்காலமாக இருக்கலாம்.

நானாக ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் வேலை. போன அப்ரைசலில் என்னைவிடப் பதினைந்து வயது இளைய மேனேஜர் சொன்னார்: "சார், உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. ஆனா உங்களுக்கு விசிபிலிட்டி பத்தல." நான் ஆறடி உயரம். எடையும் அதற்குத் தகுந்தாற்போல. கேன்டீன் வாசலில் நான் நின்றால் பின்னால் மாட்டியிருக்கும் மெனு போர்டு யாருக்கும் தெரியாது. இதற்குமேல் எப்படித் தெரிவது என்று கேட்க வாயெடுத்தேன். இன்க்ரிமென்ட் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் தங்கை மகனைக் கூப்பிட்டேன். தீபாவளிக்கு வந்தவன் என் போனை வாங்கி லிங்க்ட்இன்னில் நான் போட்டுவைத்திருந்த பக்கத்தைப் பார்த்தான். ஆதார் அட்டைக்கு எடுத்த படம். கீழே "சீனியர் இன்ஸ்பெக்டர், குவாலிட்டி". அவ்வளவுதான்.

"மாமா, இது ரேஷன் கார்டு இல்ல. இந்த ஒரு வரிக்கு 220 எழுத்து இடம் குடுக்குறான். நீங்க முப்பதுகூடத் தாண்டல."

"வேலை அவ்வளவுதானே மாப்ள?"

"வேலையை யாரு மாமா கேட்டா? நீங்க யாருன்னு சொல்லணும்."

சொன்னான். அவன் எழுதி முடித்தபோது நான் இந்திய உற்பத்தித் துறையில் பழுதற்ற எதிர்காலத்தைச் செதுக்கும் பேரார்வம் கொண்ட மாற்றத்தின் தூதுவன் ஆகியிருந்தேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இவருதான் வீட்டுக் குழாய்ல ஆறு மாசமா வாஷர் மாத்தாம வச்சிருக்காரா?" என்று கேட்டாள். அவளுக்கு அதில் கணக்கு இல்லாதது என் பாக்கியம்.

லிங்க்ட்இன் கதையின் ஆரம்பம் எளிமையானதுதான். 2002 கடைசியில் அமெரிக்காவில் ரீட் ஹாஃப்மன் என்பவரும் சில நண்பர்களும் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொடங்கினார்கள். 2003 மே மாதம் கடை திறந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று உறுப்பினர் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. கூடத்தில் உட்கார்ந்து நாமும்தான் பேசுகிறோம். கரன்ட் பில்லைத் தாண்டிப் பேச்சு போனதில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் நடந்தது, என் சகலை எனக்குச் சான்றிதழ் கொடுத்தது. இன்னாருக்கு இன்ன திறமை உண்டு என்று ஒரே அழுத்தில் உறுதி சொல்லும் வசதியை 2012இல் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர் உர வியாபாரி. எனக்கு 'ஸ்ட்ராடஜிக் பிளானிங்' தெரியும் என்று அழுத்தியிருந்தார். அவர் நேரில் பார்த்த என் திட்டமிடல் எல்லாம், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு எந்தத் தூணோரம் நிற்க வேண்டும் என்பதுதான். மறுநாள் போன் வந்தது. "நான் போட்டுட்டேன், நீங்க இன்னும் போடலையே?"

அப்போதுதான் எனக்கு இந்த இடம் பிடிபட்டது. நான் பேராவூரணிக்காரன். எனக்குத் தெரியாத மொய்யா?

எங்கள் வட்டாரத்தில், பேராவூரணியிலிருந்து கீரமங்கலம், வடகாடு வரை, ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து என்று காரணம் தேவையில்லை. மொய் வாங்குவதற்கென்றே விருந்து. பத்திரிகை அடித்து, ஃபிளெக்ஸ் வைத்து, செலவைப் பங்குபோட நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறி போடுவார்கள். இலையை மடித்துக் கைகழுவியதும் நேரே மேசைக்குப் போக வேண்டும். அங்கே அழகான கையெழுத்துக்காரர் ஒருவர் நோட்டும் எவர்சில்வர் தாம்பாளமுமாக உட்கார்ந்திருப்பார். ஊர், தகப்பன் பெயர், தன் பெயர், தொகை. இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதும் தருகிறார்கள். ஒருவர் நமக்கு ஆயிரம் செய்திருந்தால், நம் முறை வரும்போது அந்த ஆயிரத்தோடு மேலே ஐந்நூறாவது சேர்த்து வைக்க வேண்டும். அந்த ஐந்நூறு அவர் கணக்கில் புதிதாக ஏறும். இதுவரை கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவர் முதன்முதலாக எழுதினால் அது புதுநடை. இந்தப் பணத்தில் தோப்பு வாங்கியவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள் உண்டு. 2018இல் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்ட பிறகு வாங்கியதைத் திருப்பிச் செய்ய முடியாமல் முகம் மறைத்துத் திரிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதை மனதில் வைத்துக்கொண்டு லிங்க்ட்இன்னைப் பார்த்தால் ஒன்றும் புதிதில்லை. லைக் போட்டவருக்கு லைக். கமென்ட் எழுதியவருக்குக் கமென்ட், அதுவும் அவர் எழுதியதைவிட ஒரு வார்த்தை கூட. அவர் "கிரேட்" என்றால் நான் "கிரேட் சார்". ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஊரில் சாப்பிடாமல் யாரும் மொய் எழுதுவதில்லை. இங்கே பதிவைப் படிக்காமலேயே எழுதுகிறார்கள்.

படிக்காததற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் சில வரிக்குப் பிறகு பதிவை மடித்து, 'மேலும்' என்று ஒரு கொக்கியைத் தொங்கவிடுகிறது அந்தத் தளம். மீன் கொக்கிக்கு வர வேண்டுமே. அதற்காக வரிக்கு வரி பத்தி பிரித்து எழுதுகிறார்கள்.

"இன்று ஆட்டோவில் ஏறினேன்.

இறங்கும்போது ஓட்டுநர் மீதிச் சில்லறை கொடுத்தார்.

உறைந்துபோனேன்.

அவர் எனக்குக் கற்றுத்தந்த ஐந்து விற்பனைப் பாடங்கள்..."

சென்னையில் இது நடந்திருந்தால் முதல் இரண்டு வரியே போதும். தினத்தந்தியில் போடுவார்கள்.

சும்மா லைக் போட்டுக்கொண்டிருந்த காலம் போய், 2019இலிருந்து கைதட்டல், இதயம், பல்பு என்று விதவிதமாக வைத்திருக்கிறார்கள். பல்பு என்றால் 'அறிவூட்டியது'. அவசரத்தில் விரல் எங்கே படும் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் தகப்பனார் காலமான செய்தியைப் போட்டபோது கைதட்டலும் விழுந்திருந்தது, பல்பும் எரிந்திருந்தது. இன்னொருவர் முதலாளியோடு சண்டை போட்டுக் கம்பெனியை விட்டு எப்போதோ வெளியே வந்தவர். பக்கத்தை மட்டும் திருத்தவில்லை. வருடா வருடம் அதே தேதியில் அவருக்குப் 'பணி ஆண்டு நிறைவு' வாழ்த்து குவிகிறது. சண்டை போட்ட முதலாளியே வாழ்த்தியிருந்தார். இவரும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பத்திரிகை வைத்தும் வராதவர் வீட்டுக்கு மறுபடி ஆள் அனுப்புவது எங்கள் பக்கத்துப் பழக்கம். லிங்க்ட்இன்காரர்களும் அனுப்பினார்கள். நீங்கள் ஒருவருக்கு அழைப்பு விட்டு அவர் பேசாமல் இருந்தால், உங்கள் பெயரிலேயே அவருக்கு நினைவூட்டல் மெயில் போய்க்கொண்டிருந்தது ஒரு காலத்தில். 'நான் எப்போது இவ்வளவு கெஞ்சினேன்' என்று அமெரிக்காவில் சிலர் வழக்குப் போட்டார்கள். 2015இல் 1.3 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அதை முடித்தார்கள். நம்மூரில் ஆள் அனுப்பியதற்கு வழக்குப் போட்டவர் இல்லை. அனுப்பாததற்குப் போட்டாலும் போடுவார்கள்.

இதையெல்லாம் சொன்னால் மருமகன் சிரிப்பான். அவன் வேறு ஒன்று சொன்னான், அதுதான் என்னை யோசிக்கவைத்தது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர், வேலை மாறியவர்களிடம் உங்களுக்கு இந்த வேலையைப் பற்றி யார் சொன்னது என்று விசாரித்திருக்கிறார். பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், அடிக்கடி பார்க்கிற நெருங்கியவர்கள் சொல்லி வந்தது 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர்கள் சொல்லி வந்தது 55.6. வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம் என்கிற ரகம் 27.8. காரணம் எளிது. நம் கூட்டாளிக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரியும். தூரத்துப் பழக்கக்காரர் வேறு உலகத்தில் இருக்கிறார், வேறு சேதி வைத்திருக்கிறார். இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் முதல் வடிவத்தை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டதாம். 1973இல் வேறொன்றில் வந்து, சமூகவியலில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது.

லிங்க்ட்இன்காரர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் சோதித்து 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டுகிற பட்டியலை ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றி மாற்றி, ஐந்து வருடம், 2 கோடிப் பேரிடம். வேலை மாறுவதற்கு அதிகம் உதவியவர்கள் உயிர்த்தோழர்களும் இல்லை, முகமே தெரியாதவர்களும் இல்லை. நடுவில் இருக்கிறவர்கள். பொதுவாக ஒரு பத்துப் பேரை இருவருக்கும் தெரியும், அந்த அளவு. அந்த 2 கோடிப் பேருக்கும் தங்களை வைத்துத்தான் இது நடக்கிறது என்று தெரியாது. அவர்கள் ஆட்டோக்காரரிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, சகலை தயவில் விசிபிலிட்டி வராது. மொய்க்கு மொய் எழுதினால் நோட்டு தடிக்கும், நம்மை ஒருவருக்கும் தெரியாது. நடுவில் இருக்கிற அந்த ஆளுக்கு நம் ஞாபகம் வர ஒரு காரணம் வேண்டும். மாற்றத்தின் தூதுவனிடம் ஒருவருக்கு என்ன வேலை இருக்கும்? ஆயிரம் தூதுவர்கள் இருக்கிறார்கள் அங்கே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகனுக்குச் சொல்லாமல் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். இருபது மில்லிமீட்டர் துளையைச் சோதிக்கிற பிளக் கேஜ். ஒரு முனை 'கோ', மறு முனை 'நோ-கோ'. கோ பக்கம் 20.000, நோ-கோ பக்கம் 20.021. கோ உள்ளே போக வேண்டும், நோ-கோ போகக்கூடாது. நல்ல பீஸ் ஒவ்வொன்றிலும் நுழைந்து வெளியே வருவது கோ பக்கம்தான். அதனால் அதுதான் தேயும். தேய்ந்து ஒல்லியானால் அளவு குறைந்த துளையிலும் சுகமாக நுழையும். ரிஜெக்ட் ஆக வேண்டிய பீஸ் பாஸ் ஆகி வண்டி ஏறும். நோ-கோ பக்கமோ வருஷக்கணக்கில் புத்தம் புதிதாக மினுங்கும். ஆடிட்டுக்கு வருகிறவர் அந்த மினுமினுப்பைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். நாங்கள் எத்தனை பீஸுக்கு ஒருமுறை கோ பக்கத்தை அளக்கிறோம், எந்தக் கணக்கில் கழிக்கிறோம் என்று நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்தும் போட்டேன். கேட்டால் தரக்கூடிய விஷயம்தான், கம்பெனி ரகசியமில்லை. அதையும் முதலில் விசாரித்துக்கொண்டேன். பயந்தவன்.

ஆட்டோவும் இல்லை, பாடமும் இல்லை. லைக்குகள் தூறல் அளவுதான். சகலை வழக்கம்போல் கைதட்டினார். ஆனால் ராஜ்கோட்டிலிருந்து ஒரு வார்ப்படக்காரர் அந்த நோட்டுப் படிவத்தைக் கேட்டார். புனேயில் ஒருவர், நோ-கோ பற்றி நான் சொன்னது சரி, ஆனால் கையில் பிடிக்கிற சூட்டிலேயே கேஜ் லேசாக வீங்குமே, அதை விட்டுவிட்டீர்களே என்று சண்டைக்கு வந்தார். நல்ல சண்டை. இரண்டு ராத்திரி போனது. மேனேஜரும் பார்த்திருக்கிறார். பல்பு எரியவிட்டிருந்தார். நான் எழுதியதற்காக எரிந்ததா, விரல் பட்டு எரிந்ததா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஓசூரிலிருந்து ஒருவர் வந்தார். படத்தில் கைகட்டவில்லை, சட்டைப் பையில் பேனா செருகியிருந்தார். டூல் ரூம் இன்சார்ஜ். எங்களுக்குப் பொதுவாகத் தெரிந்தவர்கள் ஒரு பத்துப் பேர் என்று காட்டியது. கேஜைப் பற்றி இரண்டு கேள்வி, இரண்டு பதில். மூன்றாவதாக, "சார், உங்களுக்குப் பேராவூரணியா? நான் கீரமங்கலம்" என்று வந்தது. அதற்குப் பிறகு கேஜ் பேச்சு போயே போச்சு. எந்தத் தெரு, யார் மகன், புயலில் எத்தனை மரம் போச்சு. பேசிக்கொண்டே போனதில் என் பெரியம்மா மகனுக்கு அவர் சித்தப்பா சம்பந்தி முறை என்று தெரியவந்தது.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு பத்திரிகை. லிங்க்ட்இன் பெட்டிக்குள்தான். வருகிற ஆடியில் அவர் வீட்டு மொய் விருந்து, கட்டாயம் வர வேண்டும் என்று. நான் அவருக்குப் புதுநடை. எவ்வளவு எழுதுவது என்று மனைவியிடம் யோசனை கேட்டேன்.

"அவரு உங்களுக்கு எத்தனை லைக் போட்டிருக்காரு?" என்றாள்.