நகராத சரக்கு

அறந்தாங்கியில் எனக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், பிவிசி பைப், பெயின்ட் என்று எதை வாங்கி அடுக்கினாலும் ஒரே கணக்குதான்: நகராத சரக்கை மறுபடி எடுக்கக் கூடாது. கம்பெனி ஆள் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், "போன தடவை இறக்குன வாஷர் டப்பாவே அப்படியே கெடக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கறார் பேர்வழி என்று பஜாரில் பெயர். அந்தப் பெயர் கடை ஷட்டரை இறக்கும் வரைதான் செல்லும். எங்கள் வீட்டு மாடி அறையைப் பார்த்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு என்னிடம் வியாபார யோசனை கேட்டதில்லை.

அங்கே கை ஆர்மோனியம் இருக்கிறது. காலால் மிதிக்கும் பெடல் ஆர்மோனியம் இருந்தது; அதன் கதை பின்னால் வருகிறது. தஞ்சாவூர் வீணை, வயலின், மானாமதுரைக் கடம், கீபோர்டு, கஞ்சிரா இரண்டு. புல்லாங்குழல்கள் மட்டும் கட்டைவாரியாக ஒரு பைப்புக்குள் நிற்கின்றன. பைப் நம் கடைச் சரக்கு. இத்தனையிலும் எனக்கு உருப்படியாக வருவது, கை ஆர்மோனியத்தில் பஜனைப் பாட்டுக்குச் சுருதி பிடிப்பது. கொஞ்சம் தைரியம் வந்தால் பாடுகிறவர் பின்னாலேயே விரலை ஓட்டுவேன். பாதி வழியில் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போய்விடுவோம். மார்கழி பஜனையில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் வித்தை அல்ல. பெட்டி என்னுடையது.

வாங்கும்போது வருகிற கிறுகிறுப்பு இருக்கிறதே, அது தனி. மானாமதுரையில் கடம் பிறக்கும் விதத்தை நேரில் பார்த்தால் எவனுக்கும் கை பரபரக்கும். சக்கரத்தில் பானையாக எழுந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, எல்லாப் பக்கமும் ஒரே கனம் வரும் வரை விடமாட்டார்கள். சுட்டு எடுத்த கடத்தை அங்கே ஒருவர் சுண்டிக் காட்டினார். கணீரென்று ஒரு நாதம் எழுந்து கூரையில் போய் நின்றது. பேரம் பேசத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து நான் சுண்டினேன். சந்தையில் தண்ணிப்பானை வாங்குகிறவர்கள் ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்களே, அந்தச் சத்தம்தான் வந்தது. கடத்தில் குறையில்லை. நான் பணம் கொடுத்தது அவர் விரலுக்கு. அது பில்லில் சேரவில்லை.

எங்களைப் போன்றவர்கள் அடுத்த வாத்தியத்துக்கு ஆதாரமாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "சுருதி சேரலை." இதை நாங்கள் வித்வான்களிடமிருந்து திருடினோம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடத்துக்குச் சுருதி சூளையிலேயே நிச்சயமாகிவிடும். பாடுகிறவருக்குத் தக்கபடி வேறு வேறு கடம் எடுத்துத்தான் போக வேண்டும். மிருதங்க வித்வான் ஆண்குரலுக்குத் தக்கு சுருதி மிருதங்கமும் பெண்குரலுக்கு ஹெச்சு சுருதி மிருதங்கமும் வைத்திருப்பது ஆடம்பரம் இல்லை. குழலில் துளை விழுந்த பின் கட்டையை மாற்ற முடியாது. நான் என்ன செய்தேன்? ஐந்து கட்டைக் குழலில் சத்தம் வரவில்லை என்று இரண்டரைக் கட்டைக் குழல் வாங்கினேன். அது நீளம், துளைக்குத் துளை விரல் எட்டவில்லை. ஆகவே ஆறு கட்டை. அதில் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஊதுகிற காற்று துளையில் விழாமல் என் மூக்குக்கே திரும்பி வருகிற குறை மட்டும் எல்லாக் கட்டையிலும் வஞ்சனையில்லாமல் இருந்தது.

புதுக்கோட்டைச் சீமையில் இருந்துகொண்டு இப்படிச் சேர்த்துக் குவிக்கக் கொஞ்சம் கூச்சம் வேண்டும். ஏனென்றால் இந்த மண் கச்சேரி மேடைக்குக் கொடுத்த வாத்தியம் கஞ்சிரா. ஒரு சாண் அகல பலாமரச் சட்டம், ஒரு பக்கம் தோல், சட்டத்தில் ஒரு பிளவு, அதில் கிலுங்கச் சில காசுகள். அவ்வளவுதான். பஜனைக்கூடங்களில் தட்டிக்கொண்டிருந்த வாத்தியத்தைக் கச்சேரிக்குரியதாகச் சீர்ப்படுத்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கோயிலில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்று சொல்வார்கள். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தவர். இன்னொரு சீடர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மகன்தான் இடது கை வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இவ்வளவு பெரிய பரம்பரைக்கு மூலதனம் மஞ்சள் பைக்குள் அடங்குகிற ஒரு வட்டம். நான் அதே வாத்தியத்தில் இரண்டு வைத்திருக்கிறேன். ஏன் இரண்டு என்று சொல்லிவிடுகிறேன்.

பழைய கஞ்சிராக்களுக்கு உடும்புத்தோல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் வைத்துக் காப்பாற்றுகிறது. என்னுடையது ஆட்டுத்தோல். தோலின் உட்புறம் தண்ணீர் தடவி இறுக்கத்தைத் தளர்த்தினால்தான் அந்த அடிநாதம் பேசும். எவ்வளவு தண்ணீர் என்பது கை அறிந்த விஷயம். மார்கழி விடியலில், பனி வேறு சேர்ந்துகொள்ள, நான் ஏதோ சாதம் பிசைகிற மாதிரி தாராளமாகத் தடவிவிட்டேன். முதல் பாட்டிலேயே 'தொப், தொப்'. முன்னால் பாடிக்கொண்டு போன பெரியவர் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, நனைஞ்ச சாக்கைத் தட்டுற?" என்றார். ஊர்வலம் முடியும் வரை அது காயவில்லை. காயவைக்க எனக்குத் தோன்றிய வழி, கடையில் பிவிசி பைப்பை வளைக்க வைத்திருக்கும் ஹீட் கன். தோல் அழகாக முறுக்கேறியது. தட்டிப் பார்த்தேன், ஆஹா. இன்னும் கொஞ்சம் காட்டினேன். 'டப்' என்று குறுக்கே கிழிந்தது. வேறு தோல் ஒட்டி வாங்கலாம் என்று யாரும் சொல்வதற்கு முன் இரண்டாவது கஞ்சிராவுக்குப் பணம் அனுப்பிவிட்டேன். கிழிந்ததை வீசவும் மனசில்லை.

வீணை விஷயம் இதைவிட மோசம். காரைக்குடி சகோதரர்கள் என்று உலகம் அறிந்த சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துக்காரர்கள். தம்பி சாம்பசிவ ஐயர் (1888–1958) எல்லோரையும் போல மடியில் கிடத்தி வாசிப்பார். அண்ணா வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். அவர்களுக்குப் பக்கவாத்தியமாக தட்சிணாமூர்த்திப் பிள்ளை உட்கார்ந்த கச்சேரிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தாங்கவில்லை. தஞ்சாவூருக்குப் போய் வீணையோடுதான் திரும்பினேன். அண்ணாவின் வழியில் நானும் நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில்.

வீணையின் 24 மெட்டுகளும் நிற்பது மெழுகில். கத்திரி வெயிலில் எங்கள் மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே உள்ள அறை எப்படி இருக்கும் என்று அறந்தாங்கிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சித்திரை கழிந்து உறையைக் கழற்றினால், மேல்வரிசை மெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சரிபார்க்கக் கொண்டுபோன இடத்தில் அந்த ஆசாரி என்னைத் திட்டவே இல்லை. மெழுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வாசிக்கிறவங்களா இருந்தா மொத மெட்டு அசையுறப்பவே கைக்குத் தெரிஞ்சிருக்குமே தம்பி" என்றார். கடனுக்குச் சரக்கு வாங்கிவிட்டு முகம் கொடுக்காமல் போகிறவர்களிடம் நான் இவ்வளவு மென்மையாகப் பேசியதில்லை.

இந்த 'உறை' என் மனைவியின் இலாகா. ஒவ்வொரு வாத்தியம் வரும்போதும் அவள் விலை கேட்பதை விட்டுவிட்டாள். "ஏங்க, இதுக்கு என்ன அளவுல தைக்கணும்?" என்பதோடு சரி. வீணைக்குப் பழைய பட்டுப்புடவை, வயலின் பெட்டிக்குத் திரைச்சீலைத் துணி, கடத்துக்குச் சுருக்குக் கயிறு வைத்த பை. வீட்டுக்கு வரும் உறவினர்கள் உறைகளைத்தான் பாராட்டுகிறார்கள்.

எங்கள் இனத்துக்கு என்றே ஏற்பட்ட பண்டிகை சரஸ்வதி பூஜை. அன்று காலையிலிருந்து எனக்கு ஓட்டம்தான். எல்லாவற்றையும் கீழே இறக்கி, துடைத்து, கோலம் போட்ட பலகையில் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, வீணைக்கு மாலை. தெருவே வந்து பார்க்கும். "அண்ணன் வீட்ல எவ்வளவு வச்சிருக்காரு பாரு!" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். இதில் எனக்குள்ள பெரிய வசதி, அன்று எதையும் தொட்டு வாசிக்கக் கூடாது என்பது சாத்திரம். பூஜையில் வைத்த புத்தகத்தைப் படிக்கக் கூடாது, கருவியை எடுக்கக் கூடாது. நான் முழு வித்வானாக நடமாடுகிற ஒரே நாள் அதுதான். மறுநாள் விஜயதசமி வந்து கெடுத்துவிடும். எடுத்து வாசித்தே ஆக வேண்டும். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து, "மாமா, இதுல ஒரு பாட்டு வாசிங்க" என்று வயலினைக் காட்டினாள். கடையில் பூஜை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினேன். கடைப் பூஜையையும் முந்தின நாளே முடித்திருந்தேன். அது அந்தக் குழந்தைக்கும் தெரியும். பொரி வாங்கிப் போனவளே அவள்தான்.

சேர்ப்பதே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. கல்கத்தாவில் சௌரீந்திர மோகன் தாகூர் என்றொரு ஜமீன்தார் இருந்தார். இந்திய வாத்தியங்கள் சுமார் 100 திரட்டி 1876 வாக்கில் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு அனுப்பினார். பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகம் தொடங்கியதில் அந்தத் திரட்டுக்கும் பங்கு உண்டு. சென்னையில் பேராசிரியர் சாம்பமூர்த்தி முன்னின்று வளர்த்த சங்கீத வாத்யாலயா இல்லையென்றால் பல பழைய கருவிகளைப் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் தாகூர் சங்கீதப் பள்ளி நடத்தினார், புத்தகங்கள் எழுதினார். சாம்பமூர்த்தி இசையை ஆராய்ந்தே ஆயுளைக் கழித்தார். அவர்கள் பெயரைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்ப்பது, வள்ளல்கள் பெயரைச் சொல்லி ஓட்டல் பில்லைக் கட்டாமல் எழுந்து போகிற வேலை. இத்தாலியில் ஜெனோவா நகரம் பாகனினியின் வயலினைக் காபந்து பண்ணுகிறது. அவர் இறந்தது 1840இல். அதைக்கூட அவர்கள் சும்மா பூட்டி வைப்பதில்லை. தேர்ந்த கலைஞர்களை அழைத்து அவ்வப்போது வாசிக்க வைக்கிறார்கள். என் வயலின் வில்லில் இருந்த குதிரைமயிரைப் பூச்சி தின்றுவிட்டது.

இனி அந்தப் பெடல் ஆர்மோனியம். பழைய நாடகக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து வாங்கியது. இந்தப் பக்கத்து ஊர்களில் பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். பெட்டிக்காரர்தான் அங்கே பாதி நாடகம். வாசிப்பதோடு பின்பாட்டும் அவரே. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை உள்ளே விடாதே என்று நிறுத்தி, 1971இல்தான் கொஞ்சம் கதவைத் திறந்தது. நாடக மேடை இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாடக நடிகர் கிட்டப்பாவுக்குப் பெட்டி வாசித்தவரை நம் பாட்டனார்கள் பாட்டைச் சொல்லும்போதே சேர்த்துச் சொல்வார்கள்.

எனக்கோ கால் மிதித்தால் கை நிற்கும், கை ஓடினால் கால் மறக்கும். போதாததற்கு நடு ஸ்தாயியில் ஒரு கட்டை ஊமை. ரீடு போய்விட்டது என்று முடிவு கட்டி, வேறு பெட்டி விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து நாகுடிப் பக்கம் நாடகம் போட வந்த பெட்டிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். லோடு ஆட்டோவில் வரும்போது அவர் பெட்டியின் துருத்தி கிழிந்துவிட்டதாம். "முதலாளி, ஒரு ராத்திரிக்குக் குடுங்க. பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்துர்றேன்."

கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் நானும் பின்னாலேயே போனேன். மேடையில் ஏற்றியதும் எல்லாக் கட்டைகளையும் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்தார். ஊமைக் கட்டையில் விரல் நின்றது. மேல் பலகையைக் கழற்றி, அந்த ரீடை உருவி, சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை அதன் நாக்குக்கு அடியில் நுழைத்து ஒரு இழு. தூசி ஒரு சிட்டிகை விழுந்தது. திரும்பச் செருகினார். பேசியது. ஒரு பெட்டிக்கு விலை விசாரித்த விஷயம் பஸ் டிக்கெட்டில் முடிந்துபோனது.

அதற்குப் பிறகு அவர் வாசித்ததைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பொறாமைதான் அதிகம். வேலன் வந்தால் ஒரு சுருதி, வள்ளி வந்தால் ஒரு சுருதி. பபூன் நக்கலடித்தால் பெட்டியும் கூடச் சிரிக்கிறது. என் மாடியில் இத்தனை வருஷம் இதெல்லாம் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. பெட்டி திரும்பி வரவில்லை. நான்தான் "சீசன் முடியட்டும்ணே" என்றேன். சீசன்கள் முடிந்துகொண்டே இருக்கின்றன. எங்கே நாடகம் என்றாலும், "நம்ம பெட்டிதான் ஓடுது" என்று கடையில் சொல்லிக்கொள்கிறேன். வாசிப்பவர் பெயரைச் சில சமயம் மறந்துவிடுகிறேன்.

போன சித்திரையில் தாளம் போடுகிற ஆள் வரவில்லை என்று அந்தப் பெட்டிக்கார அண்ணன் போன் செய்தார். "நீங்க வாங்க முதலாளி, பெட்டியோட சொந்தக்காரரு மேடையில இருந்தா நல்லாருக்கும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல வெண்கலத் தாளம் எங்கே கிடைக்கும், நாச்சியார்கோயிலா கும்பகோணமா, என்ன எடையில் எடுக்கலாம் என்று கேட்டேன். "தாளம் எங்கிட்ட இருக்கு. நீங்க கையை மட்டும் கொண்டாங்க" என்றார்.

வேட்டி சட்டை சலவைக்குப் போட்டு, கையை மட்டும் கொண்டு போனேன். பபூன் காமிக் பாதி நடக்கும்போதே ஆல்ரவுண்ட் வாசிக்கிற தம்பி குனிந்து, "சார், கை வலிக்கும், கொஞ்ச நேரம் குடுங்க" என்று மரியாதையாகத் தாளத்தை வாங்கி, தன் டிரம்முக்குப் பின்னால், எனக்கு எட்டாத பக்கமாக வைத்துக்கொண்டான்.