பந்தி தர்மம்

கல்யாணப் பந்தியின் விதிகளை எழுதிவைத்தவர் யாருமில்லை. மீறினால் மட்டும் சாட்சிக்கு மண்டபமே வரும். இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும். எல்லாருக்கும் பரிமாறி, பருப்பில் நெய் விழும்வரை கை வைக்கக் கூடாது. அதுவரை அப்பளத்தின் ஓரத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டிருப்பது சாப்பிட்ட கணக்கில் வராது.

"பாயசம் வேண்டாம், சுகர்" என்று இலைமேல் கையை விரித்து மறிக்கலாம். ஆனால் விரல்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் விடுவது முறை. பரிமாறுகிறவர் விவரமானவர் என்றால் புரிந்துகொள்வார். இரண்டாவது வடையைத் தனக்கென்று கேட்பது அழகல்ல. "பாப்பாவுக்கு ஒண்ணு வைங்க" எனலாம். மடியிலிருக்கும் பாப்பாவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ரசம் வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்றுவிடுவார். அவர் மூச்சு பிடரியில் படும்; திரும்பிப் பார்க்கக் கூடாது. மோர் சாதத்தை நிதானமாகப் பிசையவும். முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், உறவு நீடிக்குமாம்.

கை கழுவிய கையோடு பெண்ணின் அப்பாவைத் தேடிப்பிடித்து, "கூட்டத்துல சரியாவே சாப்பிடலை மாமா" என்று குறைபட்டுக்கொண்டால் மரியாதை பூர்த்தி.