நாலு மீட்டருக்குள் அடங்காத வால்

அனுப்புநர்:
பெரிய நாய் இரண்டு வளர்ப்பவன்,
காவிரிக்கரை வாழைத்தோட்டம்,
பரமத்தி வேலூர், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு சரக்கு மற்றும் சேவை வரி மன்றம்,
புது தில்லி.

பொருள்: நாய் ஏற்ற ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் – தேடியது – கிடைக்காதது – அளவு நாடாவே காரணம் என அறிந்தது – நிவாரணம் கோருதல் தொடர்பாக.

பார்வை: மேற்படி நாய்கள் இரண்டும், நேரில்.

பெருமதிப்புக்குரிய மன்றத்தாருக்கு,

2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் தாங்கள் நடத்திய 55-ஆவது கூட்டத்துக்குப் பிறகுதான் பாப்கார்னின் சூட்சுமம் எங்களுக்கு விளங்கியது. உப்பும் மசாலாவும் தூவி அப்படியே அள்ளிக் கொடுத்தால் 5 சதவீதம். பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டினால் அப்போது 12. சர்க்கரைப் பாகு ஏறிவிட்டால் 18. ஒரு சோளப்பொரியின் உள்ளும் புறமும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண்கள், ஒரு காரை மட்டும் வெளியே நின்று நாடா பிடித்து அளந்துவிட்டுப் போய்விடுகின்றனவே, ஏன்? இதுதான் என் விண்ணப்பத்தின் சாரம். மீதியெல்லாம் நாய்க்கதை, பொறுத்தருள்க.

எங்கள் தோட்டத்தில் நாய்கள் இரண்டு. மூத்தவன் வெள்ளையன், ராஜபாளையம். 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம்பிடித்த வம்சம். தபால்தலைக்குள் அடங்கிய இனம் கார் டிக்கிக்குள் அடங்க மறுக்கிறது. இளையவள் கிரேட் டேன். பெங்களூர் அடுக்குமாடி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் மச்சினன் கொண்டுவந்து விட்டுப்போனது. வந்த அன்று கைக்குள் அடங்கியதால் குட்டி என்று பெயர் வைத்தோம். இப்போது 50 கிலோவைத் தாண்டிவிட்டாள். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதில்லை. உயிருள்ள நாய்க்குத் தாங்கள் வரி போடவில்லை, குதிரைக்குத்தான் போடுகிறீர்கள் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். குட்டியைப் பார்த்தால் தங்களுக்குக் குதிரையின் நினைவு வரக்கூடும் என்பதால் புகைப்படம் இணைக்கவில்லை.

தடுப்பூசியானாலும் உண்ணிக் காய்ச்சலானாலும் இவர்களை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறிவிட்டால் போவது சுலபம். இவர்களை ஏற்றுவதுதான் பெரும்பாடு. சாதாரணக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்தால் குட்டியின் தலை ஓட்டுபவரின் தோளில் வந்து தங்கும். ஓட்டுபவரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக யாரையும் உட்கார வைக்கக் கூடாது, எதையும் வைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு சொல்கிறது. குட்டிக்குச் சட்டம் படிக்கத் தெரியாது. செடான் வண்டியின் டிக்கியோ மூடிய பெட்டி. உயிருள்ளது எதையும் அதில் வைக்க முடியாது. சின்னக் கார் டிக்கியில் வெள்ளையனின் முன்பாதி ஏறும். பின்பாதிக்கு இன்னொரு கார் வேண்டும்.

எங்களுக்குத் தேவை, கூரை கடைசிவரை ஒரே மட்டமாக ஓடி, பின்கதவு முழுசாக மேலே திறந்து, பின்சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்பு வைத்தால் நாய் நின்று திரும்பிப் படுக்க இடம் கொடுக்கிற வண்டி. காரில் நாயைக் கட்டியோ கூண்டிலோ தடுப்புக்குப் பின்னாலோதான் வைக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகத்தில் 57-ஆவது விதி இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ஸ்டேஷன் வேகனை வாங்கிக்கொண்டார்கள். நான் நாமக்கல், சேலம், ஈரோடு என்று கார் கன்சல்டிங் கடைகளை ஏறி இறங்கினேன்.

"ஸ்டேஷன் வேகனுங்களா? அது வந்த வேகத்துலயே போயிருச்சுங்க. ஆம்புலன்ஸாட்ட இருக்குதுன்னு யாரும் எடுக்கறதில்லீங்க. டிசைர் ஒண்ணு இருக்குது, பாருங்க. ரீசேல் நல்லாப் போகும்" என்றார் ஒருவர்.

"நாய் ஏத்தறதுக்குங்க."

"நாய்க்குத்தானுங்களா? அப்ப நாயைச் சின்னதா மாத்திக்கலாமுங்களே!"

மன்றத்தார் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டுக் கார் வரிக் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பொருளாதார நிபுணரும் சொன்னதில்லை.

அந்த அண்ணன் சொன்னதில் வரலாறும் உண்டு. 1992-இல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்ட்டூரா. ஓப்பல் கோர்சா ஸ்விங்கும் வந்தது. அந்த ஓப்பலே 2006-இல் மூட்டை கட்டிவிட்டது. 2004-இல் டாடா இண்டிகோ மரீனா. டீசல் வண்டி, நல்ல இடம். ஒன்றுமே நிலைக்கவில்லை. பழியை முழுக்கத் தங்கள் மேல் போட்டால் பாவம். டிக்கி தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால்தான் வண்டிக்குக் கௌரவம் என்று நம்பிய மாமனார்களும் கூட்டுக் குற்றவாளிகள். மாப்பிள்ளைக்குச் சீர் கொடுக்கும் வண்டியில் நாய் நிற்க இடம் இருக்கிறதா என்று கொங்குநாட்டில் எந்தச் சம்பந்தியும் கேட்டதில்லை.

ஆனால் தானாகத் தள்ளாடிக்கொண்டிருந்த வண்டியைப் படுக்க வைத்தது 2006 மத்திய பட்ஜெட். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் அது சின்னக் கார். கலால் வரி 24-இலிருந்து 16 சதவீதம். மன்றம் அப்போது பிறக்கவே இல்லை. இருந்தாலும் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த நாலு மீட்டரைத் தாங்கள் தத்தெடுத்து, செல்லம் கொடுத்து வளர்த்தீர்கள்.

வரி வந்ததும் கம்பெனிகள் ரம்பத்தை எடுத்தன. எஞ்சினை வெட்ட முடியாது, ஓட்டுபவரின் காலை வெட்ட முடியாது. வெட்டு விழுந்தது டிக்கியில். 2008-இல் வந்த முதல் டிசைர் 4160 மில்லிமீட்டர். 2012-இல் வந்த அடுத்த டிசைர் 3995. அந்த 165 மில்லிமீட்டர் என் நாய்களின் பங்கு. இன்று பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், அமேஸ் என எதை அளந்தாலும் 3995. வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு நாடு, எல்லாருக்கும் ஒரே வயதில் வளர்ச்சி நின்றிருக்கிறது. மிச்சமிருக்கும் 5 மில்லிமீட்டரை எதற்கு விட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒருவேளை தங்கள் நாடாவுக்கு மரியாதை.

2025 செப்டம்பர் 22 முதல் அமலான தங்கள் புதிய கணக்கில் இந்தக் கோடு இன்னும் அழுத்தமாக விழுந்திருக்கிறது. 4000 மில்லிமீட்டர் வரை உள்ள சின்ன எஞ்சின் வண்டிக்கு 18 சதவீதம். 4001 என்றால் 40. உலகத்தில் எந்த மில்லிமீட்டருக்கும் இவ்வளவு விலை இருந்ததில்லை. அந்த மில்லிமீட்டர் முன்னால் பம்பரில் இருக்கிறதா, பின்னால் ஒரு நாய் வாலை வைத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறதா என்று தாங்கள் கேட்பதில்லை.

2023 ஜூலையில் நடந்த 50-ஆவது கூட்டத்தில் இன்னொரு நுணுக்கத்தையும் கண்டீர்கள். பெரிய வண்டிகளின் வரிக்காகத் தரையிலிருந்து அடிப்பாகம் வரை 170 மில்லிமீட்டர் உயரம் என்ற அளவை, வண்டியில் சுமையே இல்லாத நிலையில் எடுக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தினீர்கள். ஆளும் ஏறாமல் நாயும் ஏறாமல் நிற்கிற வண்டிதான் தங்கள் பார்வையில் உண்மையான வண்டி. வாங்கியவன் அதில் ஏறுவதைச் சட்டம் ஒரு தற்காலிகக் கோளாறாகவே கருதுகிறது.

புதுசு கிடைக்காவிட்டால் பழசு என்று தேடினாலும் நிம்மதியில்லை. கன்சல்டிங்காரர் பழைய வண்டியில் பார்க்கும் லாபத்துக்கு 18 சதவீதம் என்று அதே ஜெய்சல்மேரில் முடிவெடுத்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. "இதுல எனக்கு ஒரு ரூபா நிக்கறதில்லீங்க" என்று சொல்லாத கன்சல்டிங்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆகவே தங்களுக்கு வரி வர வாய்ப்பில்லை. சிக்கல் வேறிடத்தில். 15 ஆண்டு தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு தாண்டினால் 10,000. இந்தியாவில் ஓரளவு விலைக்கு விற்ற ஸ்டேஷன் வேகன்களில் பலவும் அந்த வயதை எட்டிவிட்டன. பிறகு வந்தவற்றில் 2017-இன் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி அருமையானது. அறிமுக விலை 60 லட்சம். வெள்ளையனுக்குப் பிடிக்கும். எனக்கு வாழைத்தார் ஏலத்தில் என்ன விலை கிடைக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

ஆனாலும் பழைய வண்டி பார்ப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. மன்றம் விரும்பினால் கற்றுக்கொள்ளலாம். முதலில் பின்கதவைத் திறந்து, தரையிலிருந்து டிக்கி விளிம்பு எவ்வளவு உயரம் என்று பார்ப்போம். வயதான நாய்க்கு இடுப்பு தூக்காது. அடுத்து கதவு வாயின் உயரம். நாய் தலையைக் குனியாமல் நுழைய வேண்டும். பின்சக்கர மேடுகளுக்கு நடுவே உள்ள அகலம்தான் நாயின் உண்மையான மெத்தை. பின்சீட்டை மடித்தால் தரை சமமாக நிற்கிறதா, படியாக நிற்கிறதா என்று பார்ப்போம். கதவைத் தாங்கும் கேஸ் ஷாக் செத்துப்போயிருந்தால் கதவு நாயின் முதுகில் விழும். ஸ்டெப்னிக் குழியில் விரிப்பைத் தூக்கித் துரு பார்ப்போம். ஏ.சி. காற்று கடைசிவரை வருகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்போம். கடைசிச் சோதனை வெள்ளையனுடையது. "ஒரே டாக்டர் ஓட்டுன வண்டிங்க" என்று காட்டிய ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றான். டாக்டர் கருவாடு ஏற்றியிருப்பார் போலும்.

இந்தச் சோதனைகள் எல்லாமே வண்டிக்கு உள்ளே நடப்பவை. ஒன்றிலும் மொத்த நீளம் வரவில்லை.

மற்ற துறைகளின் அன்பையும் தங்கள் தகவலுக்காகச் சொல்லிவிடுகிறேன். கால்நடை ஏற்றும் வண்டிகளுக்கு 2016 ஜனவரி முதல் விதி 125-ஈ அமலில் உள்ளது. மாட்டுக்கு 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25, பன்றிக்கு 0.6, ஆட்டுக்கு 0.3. கோழிக்கு 40 சதுர சென்டிமீட்டர். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டுகூட அதைவிடப் பெரிது. கோழிக்குப் பேர்போன நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாய்க்கு அந்தப் பட்டியலில் கட்டமே இல்லை. 1978-இன் விலங்குப் போக்குவரத்து விதிகளோ, நாய்க்குக் கால்நடை மருத்துவரின் சான்றும், வெயில் காலத்தில் 4 மணிக்கொருமுறை தண்ணீரும் வேண்டும் என்று பரிவோடு சொல்கின்றன. சான்று கிடைக்கிறது, தண்ணீர் காவிரியில் கிடைக்கிறது, இடம் கிடைக்கவில்லை.

வெயில் என்றதும் நினைவு வருகிறது. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது கரூர் பரமத்தி. கோடையில் வானிலை அறிக்கை தவறாமல் பெயர் சொல்லும் ஊர். அந்தச் சூட்டில் பின்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டலாமென்றால் 2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. பின்சீட்டை நிரந்தரமாகக் கழற்றி இடம் பண்ணலாமென்றால் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் இன்னொரு தீர்ப்பு. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த லாரிக்கும் பாடி கட்டிக் கொடுக்கும் பட்டறைகள் நிறைந்த மாவட்டத்தில், ஒரு சீட்டுக்கு முன்னால் ஸ்பேனரோடு கைகட்டி நிற்கிறோம்.

இத்தனைக்கும் நடுவே தங்கள் நாடாவை வென்ற வண்டி ஒன்று உண்டு. 1984-இல் வந்த மாருதி ஆம்னி. 3370 மில்லிமீட்டர்தான். அதற்குள் பள்ளிப் பிள்ளைகள், வெற்றிலைக் கட்டு, வெல்ல மூட்டை, கல்யாணப் பாத்திரம், நாய் எல்லாம் அடங்கின. மூக்கே இல்லாததால் அந்த இடம் மிச்சமானது. ஓட்டுபவரின் முழங்கால்தான் பம்பர். 2019-இல் நின்றுவிட்டது. அதன் வாரிசு ஈக்கோ, 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வாங்கிய நட்சத்திரம் பூஜ்யம். இடம் வேண்டுமென்றால் முழங்காலைக் கொடு, முழங்கால் வேண்டுமென்றால் இடத்தைக் கொடு, இரண்டும் வேண்டுமென்றால் 40 சதவீதம் கொடு. இதுதான் எங்கள் முன்னால் தாங்கள் வைத்திருக்கும் தேர்வு.

ஆகவே பணிவுடன் கோருவது:

1. காரை இனி உள்ளே அளக்க வேண்டும். பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தைச் சொகுசாகக் கருதாமல் உபயோகமாகக் கருத வேண்டும்.

2. அதுவரை, பின்சீட்டிலிருந்து பின்கதவு வரையிலான நீளத்தை மொத்த நீளத்தில் கழித்துவிட வேண்டும். நாய் இல்லாதவர்கள் நாய் இருப்பதாகப் பொய்க்கணக்குக் காட்டுவார்கள் என்ற அச்சம் வேண்டாம்; டிக்கியைத் திறந்து பார்க்கும் அதிகாரியிடம் குட்டி தானே விளக்கம் தருவாள்.

3. 170 மில்லிமீட்டரை அளக்கும்போது வண்டியில் ஒரு கிரேட் டேன் இருக்க வேண்டும். நாடா பிடிப்பவரை மன்றமே நியமிக்கட்டும்.

4. விதி 125-ஈ பட்டியலில் நாய்க்கு ஒரு கட்டம் சேர்க்கும்படி போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை குட்டியை மூன்று ஆடுகளாகப் பதிவு செய்யலாமா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும்.

இவற்றில் எதுவும் இயலாது என்றால், அடுத்த கூட்டத்தைப் பரமத்தி வேலூரில் நடத்த அழைக்கிறேன். வாழையிலைச் சாப்பாடு என் பொறுப்பு. மன்றத்தாரை நாமக்கல் ரயில் நிலையத்திலிருந்து 3995 மில்லிமீட்டர் கார்களில் அழைத்து வருவோம். ஒரு காருக்குப் பின்சீட்டில் மூவர். தலைமை வண்டியில் மட்டும் அந்த மூவரின் மடியில் குட்டி படுத்து வருவாள். தங்கள் மன்றத்தில் முடிவுகள் பெரும்பாலும் ஒருமித்தே எடுக்கப்படுகின்றன என்று கேள்வி. வண்டி பரமத்தி தாண்டும் முன்பே ஒருமித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
4 மீட்டருக்குள் வாழ முயலும் வரி செலுத்துவோன்.

நகல்: வெள்ளையன், குட்டி (முகர்ந்து பார்க்க).