காட்டுக்கு ஐந்தொகை

கணக்கெழுதிப் பிழைத்த கையால் காடு கீறக் கூடாது. ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம் வெள்ளவத்தையில் 102ஆம் இலக்க பஸ் ஏறி, கொட்டாஞ்சேனையில் ஒரு சித்திர மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தபோது இது எனக்குத் தெரியாது.

மாஸ்டர் முதலில் என் அழிறப்பரைப் பறித்தார். "மையிலை அழிக்கேலாது."

எனக்கா இதைச் சொல்கிறார்? முப்பத்தைந்து வருடம் பேரேட்டில் அதுதானே சட்டம்: அழிக்காதே, சுரண்டாதே, பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பக்கத்தில் சிறுகையொப்பம் இடு. முதல் வகுப்பிலேயே ஒரு கிளை கோணலாகப் போனது. வெட்டினேன். பக்கத்தில் கையொப்பமும் வைத்தேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அதோடு நின்றதா? இடப்பக்கம் 7 மரம் நின்றால் வலப்பக்கமும் 7 மரத்தை என் கை தானாகவே நட்டுவிடும். "தம்பி, காட்டுக்கு ஐந்தொகை போடாதையும்" என்றார். எனக்கு 61 வயது, அவருக்கு 78. தம்பிதான்.

தொட்டெழுதும் பேனை, கரிப்புகையும் அரக்கும் சேர்ந்த இந்தியன் மை. சாமான் அவ்வளவுதான். கிட்ட நிற்கும் மரத்துக்குத் தடித்த கோடு, குறுக்கும் மறுக்குமாக நெருக்கி. அதற்குப் பின்னால் மெல்லிய கோடு. இன்னும் பின்னால் சில புள்ளிகள். அதற்கும் அப்பால் ஒன்றுமே கீறக் கூடாது. கடதாசியின் வெள்ளைதான் பனி. நான் விழுந்தது இந்த இடத்தில். காசோலையில் தொகைக்குப் பிறகு இடம் மிஞ்சினால் கோடிழுத்து அடைக்காமல் எனக்கு நித்திரை வராது; எவனாவது ஒரு பூச்சியத்தைச் சொருகிவிடுவான். பனியை அப்படியே விட்டால்? அடைத்தேன். படத்தை வீட்டில் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, கரண்ட் போனதையோ கீறியிருக்கிறியள்?"

மனம் தளராமலிருக்க மாஸ்டர் இவான் ஷிஷ்கினின் படங்களைக் காட்டினார். 1832இல் பிறந்த ரஷ்யர். பேனையாலும் தூரிகையாலும் காட்டையே வாழ்நாள் முழுக்க வரைந்தவர். அவருடைய பேர்பெற்ற 1889ஆம் ஆண்டு ஓவியத்தில் பைன் காட்டுக்குள் கரடிகள் விளையாடும். கரடிகளைத் தீட்டியது சவித்ஸ்கி என்ற நண்பர். ஓவியத்தை வாங்கிய திரெத்தியாகோவ், சவித்ஸ்கியின் கையொப்பத்தை அழித்துவிட்டாராம். அழித்துவிட்டார்! கணக்காய்வாளர் ஒருவரும் கேட்கவில்லையா? ஷிஷ்கினின் கோடுகளைப் படித்து வரச் சொன்னார் மாஸ்டர். நான் அந்தக் கையொப்பத்தை நினைத்து விடியவிடிய விழித்திருந்தேன்.

நிசக் காட்டைப் பார்க்கச் சிங்கராஜவனத்துக்கும் போனோம். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மழைக்காடு. மழைக்காடு என்று பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. மை காயுமுன் மழை வந்தது, மழைக்கு முன்பே அட்டை வந்தது. வரவு அட்டைக்கு, செலவு எனக்கு.

ஆகவே அடுத்து விகாரமகாதேவிப் பூங்கா. கொழும்பில் ஒரு தமிழன் கொப்பியும் பேனையுமாக ஓரிடத்தில் நெடுநேரம் நின்று எதையோ குறித்துக்கொள்வது ஒருகாலத்தில் புத்தியுள்ள காரியமல்ல. காவலாளி ஒருவர் என்னை நோக்கி நடந்து வந்ததும், பழைய பழக்கத்தில் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"மொனவத கரன்னே?"

"கெலே அந்தினவா" என்றேன், காடு கீறுகிறேன் என்று.

கொப்பியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "கோ கெலே?"

எங்கே காடு? மாஸ்டர் ஆறு மாதமாக மரியாதைக்காகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

ஆகவே இப்போது ஒற்றை மரத்தோடு சரி. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாடிகளுக்கு நடுவே இன்னும் மாமரம் வைத்திருக்கும் புண்ணியவான்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிலுக்கு வெளியே ஒருவர் நின்று உங்கள் மரத்தை முறைத்துப் பார்த்தால், தறிப்பதற்கு அளவெடுக்கிறார் என்று பதறாதீர்கள். அது நான்தான். முடிந்தால் ஒரு கதிரை போடுங்கள்.