அட்டையில் சீறும் டிராகன்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பகடைக் கதையாட்டம் ஆடுகிறோம். அதற்கென்று கடையில் விற்கும் சாகசப் புத்தகம் தரமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், வாகட், புனே

பதில்: அட்டையில் டிராகன் எவ்வளவு அழகாகச் சீறினாலும் மயங்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நண்பர்கள் முன்வாசலை விட்டுப் பின்சுவர் ஏறினால் கதை தாங்குமா? கேரி கைகாக்ஸின் 'தி கீப் ஆன் தி பார்டர்லாண்ட்ஸ்' (1979) தாங்கும். அதில் பக்கத்துப் பக்கத்துக் குகைகளில் வாழும் கூட்டங்களுக்குள் ஆகாது. வாளை உருவாமலே ஒன்றை இன்னொன்றின் மேல் ஏவிவிடலாம். பங்காளிச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இது கைவந்த கலை!

இருப்பதே ஒரு துப்பு, அதுவும் பகடையில் பெரிய எண் விழுந்தால்தான் கிடைக்கும் என்றால் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். அறையின் வம்ச வரலாறு அரைப்பக்கம், உள்ளே பதுங்கிய பூதம் கடைசி வரியில் என்றாலும் அப்படித்தான். ஆட்டம் நடத்துபவர் படித்து முடிப்பதற்குள் வடாபாவ் தீர்ந்துவிடும்.

முதலில் 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' (2022) வாங்கலாம். 13 தனித்தனிச் சாகசங்கள். நம் நாட்டு எழுத்தாளர் மிமி மண்டல் எழுதியதும் அதில் உண்டு. ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்த ஞாயிறு இன்னொன்று.