உரலுக்குத் தாளம் போட்ட மேதைகள்

கண்டியின் கடைசி அரசனைப் பாட்டும் கூத்துமாக மேடையேற்றியவர்களுக்கு நாம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை. வரலாற்றாசிரியன் ஓலையும் கடிதமுமாக ஆயுள் முழுக்க அல்லாடுகிறான். 'எஹலபொல நாடகம்' எழுதிய பிலிப்பு சிஞ்ஞோவோ கொழும்பில் கொல்லு வேலை செய்தவர். பழுக்கக் காய்ந்ததை ஓங்கி அடித்து வேண்டிய வடிவுக்குக் கொண்டுவரத் தெரிந்த கை அவருடையது. அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தச் சூட்டை ஆறவிடவில்லை.

அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் உத்தமன் அல்லன். 1814இல் ஆங்கிலேயர் பகுதியிலிருந்து வந்த வணிகர்களின் மூக்கையும் காதையும் அறுத்து அனுப்பியவன். அதே ஆண்டு, கலகம் செய்துவிட்டு ஆங்கிலேயரிடம் ஓடிப்போன பிரதானி எஹலபொலவின் மனைவி குமாரிஹாமியையும் பிள்ளைகளையும் கொல்லச் சொன்னவனும் அவனே. ஆனால் நடந்த கொடுமை எவ்வளவு பெரிதானாலும் மேடைக்குப் போதாது. ஆகவே உரல் வந்தது. நாத தேவாலயத்துக்கும் விஷ்ணு தேவாலயத்துக்கும் இடைப்பட்ட வெளியில், வெட்டுண்ட பிள்ளைகளின் தலைகளைத் தாயே உலக்கையால் இடித்தாள் என்ற காட்சி. இதை விரிவாக எழுதிவைத்தவர் ஜான் டேவி என்ற ஆங்கில இராணுவ வைத்தியர். அவர் இந்தத் தீவில் கால்வைத்தது 1816இல், புத்தகம் வந்தது 1821இல். சம்பவம் நடந்தபோது ஊரில் இல்லாதவருக்கு எவ்வளவு துல்லியமான கண்! அந்தக் கண்ணை மேடைக்காரர்கள் அப்படியே நம்பினார்களே, அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது? உரல் உண்மைதானா என்று இன்று சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். அழுதுகொண்டிருக்கும் சபையில் எழுந்து நின்று கேட்கிற கேள்வியா இது?

இசைக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சிங்கள 'நாடகம' என்ற வடிவம் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து வந்தது. மத்தளம் நம்முடையது, மெட்டுகள் தென்னிந்தியாவினுடையவை. தென்னாட்டு நாயக்க வம்சத்திலிருந்து வந்த கண்ணுச்சாமி என்ற அந்த அரசனை அந்நியக் கொடுங்கோலன் என்று வைவதற்கு அந்தத் தென்னாட்டு மெட்டையே எடுத்துக்கொண்ட சிக்கனம் எல்லாருக்கும் வாய்க்காது. தமிழ் மேடையும் சும்மா இருக்கவில்லை. 'கண்டிராஜா' நாடகம் போட்டு நாமும் கைதட்டி மகிழ்ந்தோம்.

இவர்கள் சேர்த்ததைவிட விட்டுவிட்டதில்தான் மேதைமை அதிகம். பதினெட்டு வயதுப் பையனை 1798இல் சிம்மாசனத்தில் ஏற்றியவர் முதல் அதிகார், அதாவது தலைமை அமைச்சர், பிலிமத்தலாவ. பொம்மையாக இருப்பான் என்று நினைத்தார். அவன் இருக்கவில்லை. அதற்குள் அவர் ஆளுநர் நோர்த்துடன் இரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஜான் டொய்லி என்ற அதிகாரி சிங்களம் படித்து, ஒற்றர்களை வைத்து, பிரதானிகளை ஒவ்வொருவராகக் கரைத்தார். 1815 பெப்ரவரி 14இல் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தது. நான்கு நாளில் அரசன் மெதமகாநுவரப் பக்கத்தில் பிடிபட்டான். மார்ச் 2இல் பிரதானிகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அவனுடைய வம்சமே அரசுரிமை இழந்தது. இத்தனை பேருக்கும் வேஷம் கட்ட எந்தக் கம்பனியால் முடியும்? கொடியவன் ஒருவன், குமாரிஹாமி ஒருத்தி, சாவுக்கு அஞ்சாத சின்ன மகன் ஒருவன். மூன்று பேரில் முடித்துவிட்டார்கள். ஆங்கிலேயருக்கு மீட்பர் வேடம் கூலியில்லாமல் கிடைத்தது. ஆளுநர் பிரவுண்ரிக் பணம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக வந்திராது.

இந்த விஷயத்தில் பிரான்ஸ்காரர்கள் நம்மிடம் பாடம் கேட்கவேண்டும். 2009இல் பாரிசில் 'மொசார்ட், ராக் ஓபரா' என்று ஒன்றைப் பெரும் ஆரவாரத்தோடு மேடையேற்றினார்கள். மொசார்ட்டுக்கு எதிரியாகப் பொறாமையில் வேகும் சலியேரியை நிறுத்தினார்கள். அந்தச் சலியேரியைத்தான் மொசார்ட் 1791இல் தன் 'மந்திரப் புல்லாங்குழல்' பார்க்க வண்டியில் அழைத்துப்போனார். ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் பாராட்டியதை மனைவிக்கு மகிழ்ச்சியாக எழுதினார். மொசார்ட்டின் மகனுக்கு இசை சொல்லிக்கொடுத்ததும் சலியேரிதான். கடிதம் உறுத்தியதோ என்னவோ, கடைசியில் இருவரையும் சேர்ந்து பாடவைத்துவிட்டார்கள் பாரிஸ்காரர்கள். கோழைத்தனம்! நம்மவர்கள் ராஜசிங்கனுக்கு அப்படியொரு சோடிப்பாட்டு கொடுத்து ஏமாறவில்லை.

திரை விழும் நேரத்தை இவர்கள் கணித்ததுதான் உச்சம். இன்னும் மூன்று வருஷம் திரையைத் திறந்துவைத்திருந்தால் 1818 வந்திருக்கும். ஊவாவில் மக்கள் கிளர்ந்தார்கள், மீட்பர்கள் ஊர்களை எரித்து அடக்கினார்கள். அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல வேறு யாருமல்ல, குமாரிஹாமியின் உடன்பிறந்த சகோதரன். நவம்பர் 26இல் கண்டியிலேயே அவன் தலையை வெட்டி, மண்டையோட்டை ஆராய்ச்சிக்கென்று எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். உரலில் போடாமல் பக்குவமாகப் பொதிந்து அனுப்பிய நாகரிகத்தைக் கவனிக்கவேண்டும். எஹலபொலவும் அதே வருஷம் சந்தேகத்தில் கைதானார். பிறகு மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார். வேலூரில் சிறைவைக்கப்பட்டிருந்த அரசன் 1832 வரை உயிரோடிருந்தான்.

கதாநாயகனையும் வில்லனையும் ஒரே கை ஒரே கடலில் ஏற்றி அனுப்பியது என்று காட்டினால், யாரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்று சனம் திகைத்து நின்றிருக்கும். அந்தச் சங்கடம் நமக்கு நேராமல் இருநூறு வருஷமாகக் காத்தவர்கள் இவர்கள். தலதா மாளிகைப் பக்கம், அந்த அரசன் வெட்டிய வாவியைப் பார்த்தபடி இவர்களுக்கொரு சிலை வைக்கலாம். கையில் மத்தளம் கொடுப்பதா உலக்கை கொடுப்பதா என்பதை மட்டும் மாநகரசபை தீர்மானித்துக்கொள்ளட்டும்.