முறைப் பிரசங்கியார்

ஐந்தாறு ஆலயங்களை ஒரே குருவானவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் அத்தனை இடங்களிலும் ஏககாலத்தில் பிரத்தியட்சமாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயற்கைக்கு விரோதமாகையால், தென்னிந்தியத் திருச்சபையின் சிறு சபைகளில் குருப்பட்டம் பெறாத சாமானிய அங்கத்தினர்களும் முறைவைத்துக்கொண்டு பிரசங்க பீடம் ஏறுவதுண்டு. 1947-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதி அந்தத் திருச்சபை உதயமானபோது, ஆங்கிலிக்கர்கள் அங்கியையும் ஜெபப் புத்தகத்தையும் சீதனமாகக் கொண்டுவந்தார்கள் என்றால், மெதடிஸ்டுகள் கொண்டுவந்த சீதனம் பிரசங்க அட்டவணை. குருமாரல்லாதாரையும் பிரசங்கிக்க அனுப்பத் துணிந்த ஜான் வெஸ்லியின் வழிவந்தவர்களல்லவா? இன்ன ஞாயிற்றில், இன்ன ஆலயத்தில், இன்னார் என்று மூன்று மாதத்துக்கும் சேர்த்து எழுதிய அந்தத் தாளில் தம் பெயரைக் கண்ட நாள்முதல் வேறொரு பிறவி எடுத்தவரே நம் முறைப் பிரசங்கியார்.

திருச்சிராப்பள்ளியில், பொன்மலை ரயில்வே பட்டறையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற அவர், தம்முடைய முறை வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, வேதாகமத்தை மார்போடு அணைத்தபடி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைக் கடந்து, ஸ்ரீரங்கத்துச் சிறு சபைக்கு ஆராதனை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுவார். சபை என்பது நாற்பது பேர். மழை பெய்தால் இருபது. ஆயினும் அவர் ஆயத்தம் செய்வதென்னவோ உழவர் சந்தை மைதானம் நிறைந்த ஜனத்திரளுக்கு.

பிரசங்கத்துக்கு மூன்று தலைப்புகள் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆதியாகமத்தில் தொடங்கினாலும் வெளிப்படுத்தலில் தொடங்கினாலும், இரண்டாவது தலைப்புக்குள் சிக்னல், லைன் கிளியர், தண்டவாளம் ஆகிய மூன்றும் வந்துவிடும். மூன்றாவது தலைப்பில் ஹீபர் அத்தியட்சர் வருவார். ஜலப்பிரளயமோ, யோர்தான் நதியோ, பெதஸ்தா குளமோ, தண்ணீர் சம்பந்தமான எந்த வசனம் கிடைத்தாலும் போதும். 1826-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டுத் திரும்பிய அந்த மகான், குளிக்க இறங்கிய தொட்டியிலேயே உயிர் நீத்ததையும், புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் பண்ணப்பட்டதையும், நேற்று நடந்ததுபோலத் தழுதழுத்த குரலில் விவரிப்பார். சபையிலுள்ள சிறுவர்கள் அந்தத் தேதியைத் தங்கள் பிறந்த தேதியைவிட நன்றாக அறிவார்கள்.

அவருக்கு ஒரு லட்சிய புருஷரும் உண்டு. 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, 1766-இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டிய சுவார்ட்ஸ் ஐயரிடம் உபதேசியாராக இருந்து, 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சேறிற்று. இந்தச் செய்தியை அறிந்தது தொட்டு, நம்மவர் தம் பிரசங்கங்களையெல்லாம் நீளக் கணக்குப் புத்தகங்களில் சிவப்பு மையால் தலைப்பிட்டு எழுதிப் பத்திரப்படுத்தி வருகிறார். லண்டனிலிருந்து இதுவரை யாரும் கேட்கவில்லை.

முறைப் பிரசங்கத்தில் ஒரு சங்கடம் என்னவென்றால், கேட்கிறவர்களில் பாதிப்பேர் பின்னொரு வாரத்தில் பேசப்போகிறவர்கள். அவர்கள் குறிப்பெடுப்பது பக்தியினால் என்று புதியவர்கள் நினைப்பார்கள். தாம் ஆயத்தம் செய்துவைத்த வசனத்தை இவர் தொட்டுவிடுகிறாரா என்ற கவலையே அது. ஒரு காலாண்டில் வக்கீல் குமாஸ்தா, பள்ளிக்கூட வாத்தியார், ஆஸ்பத்திரி நர்ஸம்மா, நம்மவர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல் கெட்ட குமாரன் உவமையையே தெரிந்தெடுத்தபடியால், அந்தப் பையன் மூன்று மாதத்துக்குள் நான்கு தடவை வீடு திரும்பினான். கொழுத்த கன்றுகளும் நான்கு போயின. குமாஸ்தாவின் கையில் அது பாகப்பிரிவினை வழக்காயிற்று. நர்ஸம்மாவோ, பட்டினி கிடந்த வயிற்றில் திடீரென்று விருந்தைக் கொட்டலாமா என்று கேட்டார். நான் கேட்ட வியாக்கியானங்களில் இதுவே நியாயமானது.

ஆராதனை முடிந்து வீடு திரும்புகையில் எங்கேனும் உபந்நியாசம் நடந்தால் நம்மவர் ஓரமாக நின்று சிறிது கேட்பார். பொருளுக்காக அல்ல, கடிகாரத்துக்காக. "பார்த்தியா, மூணு மணி நேரமாப் பேசுறார், ஒருத்தர் அசையலை. நம்ம ஜனங்க அரை மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கிறாங்க" என்று மனைவியிடம் குறைப்படுவார். ஒவ்வொரு பிரசங்கத்தையும் சனிக்கிழமை இரவு வீட்டிலும், ஞாயிறு காலை ஆலயத்திலுமாக இரண்டு முறை கேட்கும் பாக்கியம் பெற்ற அந்த அம்மாள், "அவர் 'கடைசியாக'ன்னு ஒரு தடவைதாங்க சொன்னார். நீங்க நாலு தடவை சொன்னீங்க" என்பார்.

ஆனாலும், குருவானவர் வரமுடியாத அடைமழைக் காலத்தில், நாற்பது பேர் இருபதாகி, இருபது எட்டாகிய ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும், நனைந்த சட்டையோடு வந்து நின்று, மூன்று தலைப்புகளில் ஒன்றையும் குறைக்காமல் பேசியவர் அவர்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. அவருடைய முறை வருகிற நாளில் சபையாரில் யாரையேனும் மத்தியான விருந்துக்கு அழைத்திருக்கும் ஸ்ரீரங்கத்து அன்பர்கள், இலை போடுவதை ஒன்றரை மணிக்கு மேல் வைத்துக்கொள்வது உசிதம்.